தகர வேலியோரம் ஒரு பூனைக்கூண்டு

1

ஊரிலிருந்து யார் போன் செய்தாலும் கடைசியில் ஒரு கேள்வி வரும். "அங்க வேலையெல்லாம் எப்படிப்பா ஓடுது?" இரும்பு வேலை என்பேன். பெர்த் நகரில் பன்னிரண்டு வருடமாக வெல்டர். சுரங்கங்களுக்குப் போகிற ஏணி, நடைமேடை, கைப்பிடி என்று பட்டறையில் எதையாவது ஒட்டிக்கொண்டிருப்பவன். ஆனால் சமீபத்தில் நான்கு சனி ஞாயிறுகள் என் வீட்டுக் கொல்லைப்புறத்தில் எதை ஒட்டினேன் என்பதை நானாக யாரிடமும் சொல்லவில்லை. ஒரு பூனைக்குக் கூண்டு.

இங்குள்ள வீடுகளுக்கு முன்பக்கம் சுவரே இருக்காது. யார் வேண்டுமானாலும் வாசல்வரை வரலாம். பின்பக்கம்தான் மூன்று புறமும் ஆள் உயரத்துக்குத் தகர வேலி. மடிப்பு மடிப்பான இரும்புத் தகடு, சாம்பல் நிறப் பெயிண்ட். பக்கத்து வீட்டுக்காரர் தும்மினால் கேட்கும், முகம் தெரியாது. அந்த வேலியை ஒட்டி, துணி உலர்த்தும் கொடியில் தொடங்கி எலுமிச்சை மரம்வரை, பதினோரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம். ஜி.ஐ. சதுரக் குழாயில் சட்டம். பக்கவாட்டிலும் மேலேயும் வெல்ட் மெஷ் என்கிற கம்பி வலை. உள்ளே ஏறி உட்கார நான்கு பலகை, நிழலுக்குப் பாதி தூரம் பச்சை வலை, ஒரு ஓரத்தில் கதவு. காலையில் என் மகள் கயல் பூனையைத் தூக்கிக்கொண்டுபோய் உள்ளே விடுவாள். வெயில் ஏறுவதற்குள் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள்.

பூனைக்குக் கூண்டு கட்டினான் என்று ஊரில் சிரிப்பார்களே என்று எனக்கு வெட்கமில்லை. சிரித்துவிட்டுப் போகட்டும். கட்டவேண்டி வந்த காரணம்தான் வெட்கம். பதினெட்டு வயது மகள் என்னை இனிமேல் நம்புவாளா என்று தெரியாமல் ஒரு வீட்டில் நடமாடிக்கொண்டிருக்கிறேன். அதை எழுதித்தான் தீர்க்க வேண்டும் போலிருக்கிறது.

2

பூனையின் பெயர் பெப்பர். சாம்பலும் கறுப்பும் கலந்த உடம்பு. என் மனைவி மல்லிகா அதை மிளகு என்றுதான் கூப்பிடுவாள். அவள் உடையார்பாளையத்துக்காரி. ஊரில் பூனைக்குப் பெயர் வைத்து நான் பார்த்ததில்லை. நாய்க்கு மணி, ஆட்டுக்கு வெள்ளச்சி, பூனைக்குப் பூனைதான். இங்கே மூன்று வருடத்துக்கு முன் கயல் ஒரு காப்பகத்திலிருந்து இதை எடுத்து வந்தபோது நாலு பக்கத்துக்குப் படிவம் கொடுத்தார்கள். கழுத்துத் தோலுக்கடியில் அரிசி அளவு ஒரு சிப் வைத்திருக்கிறோம், அதில் இருக்கும் எண்ணை வைத்து உரிமையாளர் யாரென்று கண்டுபிடிக்கலாம் என்றெல்லாம் அதில் எழுதியிருந்ததாம். கையெழுத்துப் போட்டவன் நான். படிக்கவில்லை. போன் நம்பர் மட்டும் கயலுடையது. "அப்பா தெரியாத நம்பர்னா எடுக்கவே மாட்டாரு" என்று அவளே எழுதிக்கொடுத்தாள்.

பக்கத்து வீட்டில் மார்க்கோ என்றொரு பெரியவர். இத்தாலிக்காரர், தனி ஆள். வேலிக்கு அந்தப் பக்கம் தக்காளியும் கோசும் பாத்தி கட்டிப் போட்டிருப்பார். நம் மிளகுக்கு அவர் கிளறி வைத்த மண்தான் கக்கூஸ். இரண்டு முறை எதன்மேலோ ஏறி நின்று வேலிக்கு மேலே தலையை நீட்டிச் சொன்னார். நானும் "சாரி, சாரி" என்றேன். மூன்றாவது முறை அவர் சொல்லவில்லை, கவுன்சிலிலிருந்து கடிதம் வந்தது. கவுன்சில் என்றால் நம் நகராட்சி மாதிரி. உங்கள் பூனை உங்கள் எல்லைக்குள்தான் இருக்க வேண்டும், மீறினால் நடவடிக்கை என்று இரண்டே பத்தி.

அந்த நேரம் எங்கள் குடியுரிமை மனு போட்டுப் பரீட்சையும் முடிந்து, உறுதிமொழி விழாவுக்குத் தேதி வரக் காத்திருந்தோம். கடிதத்தில் அரசாங்க முத்திரையைப் பார்த்ததும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

ஏன் பயந்தேன் என்று இங்குள்ளவர்களுக்குச் சொன்னால் புரியாது. நம் பக்கத்து ஆட்களுக்குப் புரியும். அரியலூர் ஐ.டி.ஐ. முடித்து, சிமெண்ட் ஆலை ஒன்றில் காண்ட்ராக்ட் பிட்டராக இருந்தபோது முதன்முதலாக பாஸ்போர்ட்டுக்குப் போட்டேன். விசாரணைக்கு வந்த போலீஸ்காரர் எங்கள் வீட்டு விலாசத்தைப் பார்த்ததும், "இந்த வூட்டு மேல ஒரு மனு இருக்கே" என்றார். என்ன மனு என்றால், என் சித்தப்பாவின் ஆடு யாரோ ஒருவருடைய கொல்லையில் புகுந்து சோளத்தை மேய்ந்துவிட்டது. எங்கள் பக்கம் மானாவாரிக் காட்டைக் கொல்லை என்போம். சித்தப்பாவும் நாங்களும் ஒரே கதவு எண். ஆடு மேய்ந்த சோளத்துக்காக என் பாஸ்போர்ட் ஐந்து மாதம் நின்றது. அப்பா அந்தக் கொல்லைக்காரர் வீட்டு வாசலில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்று மனுவை வாபஸ் வாங்க வைத்தார். அப்பா வாழ்நாளெல்லாம் கூலிக்கு முள் வெட்டி அடுத்தவர் கொல்லைக்கு வேலி அடைத்தவர். எங்களுக்கென்று அடைக்க ஒரு குழி நிலம் இருந்ததில்லை. அந்த வாசலில் அவர் நின்ற நிற்பை நான் பார்த்தேன்.

அதனால் மார்க்கோவின் கோசுப் பாத்தி எனக்குச் சோளக்கொல்லையாகத் தெரிந்தது. கேஸ் ஆகிவிட்டது, பைலில் ஏறிவிடும், குடியுரிமை போச்சு என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். ஒரு போன் போட்டு விசாரித்திருக்கலாம். ஆங்கிலத்தில் விசாரிக்க வேண்டுமென்றால் கயலைத்தான் கேட்க வேண்டும். கயலைக் கேட்டால் பூனையைப் பற்றிப் பேச்சு வரும். கடிதத்தை மடித்து என் வேலைப் பையில் வைத்துக்கொண்டேன்.

3

ஊரில் பூனைத் தொல்லைக்கு ஒரு வழி உண்டு. கருவாட்டுச் சட்டியை உருட்டுகிற பூனை, கோழிக்குஞ்சில் வாய் வைத்த பூனை இதையெல்லாம் கொல்ல மாட்டார்கள். பூனையைக் கொன்றால் பாவம் ஏழு தலைமுறைக்கு என்பார்கள். சாக்கில் பிடித்துப்போட்டு, வாயைக் கட்டி, சைக்கிளில் வைத்து ஆற்றைத் தாண்டிக் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும். விடுவதற்கு முன் சாக்கைத் தூக்கி மூன்று சுற்றுச் சுற்ற வேண்டும். அப்போதுதான் அதற்குத் திசை மறக்கும், திரும்பி வராது. நானே சின்ன வயதில் அம்மா சொல்லி மருதையாற்றுக்கு அந்தப் பக்கம் இரண்டு பூனைகளை விட்டிருக்கிறேன். ஒன்று ஆறாம் நாள் திரும்பி வந்துவிட்டது. "நீ சரியா சுத்தலடா" என்று அம்மா என்னைத்தான் திட்டினாள். பூனைக்குப் பழைய சோறு வைத்தாள்.

இந்தக் கதையைக் கயலுக்கு அவள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது பலமுறை சொல்லியிருக்கிறேன். காரில் போகும்போதெல்லாம் கேட்பாள். "நீ சரியா சுத்தலடா" என்று அம்மா குரலில் நான் சொன்னால் பின் சீட்டில் விழுந்து விழுந்து சிரிப்பாள். வளர வளரச் சிரிப்பது நின்றது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் ஒருநாள், "அந்தப் பூனைங்க என்னப்பா ஆகியிருக்கும்?" என்று கேட்டாள். எங்காவது ஒரு வீட்டில் ஒண்டியிருக்கும் என்றேன். அதன்பிறகு அவள் அந்தக் கதையைக் கேட்டதில்லை.

குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை. கயல் ஒரு பேக்கரியில் பகுதிநேர வேலை பார்க்கிறாள், காலை ஆறு மணிக்கே போய்விடுவாள். மல்லிகா குளித்துக்கொண்டிருந்தாள். நான் பாசுமதி அரிசிப் பையை எடுத்தேன். இங்கே இருபது கிலோ அரிசி ஜிப் வைத்த துணிப் பையில் வரும், கைப்பிடிகூட இருக்கும். சாக்கைக் கட்டக் கயிறு தேட வேண்டியதில்லை. மிளகு என் காலடியில்தான் படுத்திருந்தது. தூக்கினால் சும்மா வரும். மூன்று வருடம் நான் தூக்கிய பூனைதானே. பைக்குள் வைக்கும்போதுகூட ஏதோ விளையாட்டென்று நினைத்து என் விரலை மெல்லக் கடித்தது. ஜிப்பை இழுத்தபிறகுதான் கத்த ஆரம்பித்தது.

என் வேலை வேனில் வைத்துக்கொண்டு பாலத்தைத் தாண்டி ஸ்வான் ஆற்றுக்கு அந்தப் பக்கம் போனேன். இருபத்தைந்து நிமிடம். ஆற்றோரம் ஒரு பூங்கா. மழை பெய்து புல்லெல்லாம் ஈரம். ஓட்டப்பயிற்சி செய்கிற ஆட்கள் இரண்டு மூன்று பேர் தூரத்தில் தெரிந்தார்கள். நான் ஒரு புதருக்குப் பின்னால் நின்று, நாற்பத்தொன்பது வயதில், வேலைக்குப் போகும் பூட்ஸைப் போட்டுக்கொண்டு, அரிசிப் பையை மூன்று சுற்றுச் சுற்றினேன். எண்ணிச் சுற்றினேன். அம்மா சொன்னதுபோல் சரியாக.

ஜிப்பைத் திறந்தேன். பூனை உடனே ஓடவில்லை. தலை சுற்றியதோ என்னவோ, இரண்டடி கோணலாக நடந்து, திரும்பி என்னைப் பார்த்து, என் காலுக்கே வந்தது. நான் "ஏய்" என்று காலைத் தரையில் தட்டி விரட்டினேன். அப்போதுதான் புதருக்குள் போனது. வேனில் ஏறினதும் ஹீட்டரை முழுதாகத் திருப்பி வைத்தேன். குளிருக்குத்தான் என்று சொல்லிக்கொண்டேன்.

4

பகல் பதினொரு மணிக்குக் கயல் வந்தாள். "பெப்பர் எங்க?" என்றாள். "காலையிலேருந்து காணும்மா. வேலி தாண்டிப் போயிருக்கும், வந்துடும்" என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை அத்தனை சுலபமாக வரும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

மறுநாள் நோட்டீஸ் அச்சடித்தாள். பூனையின் படம், அவளுடைய போன் நம்பர். நாற்பது தாள். "அப்பா, வேன்ல கூட்டிட்டுப் போறீங்களா?" என்றாள். கூட்டிக்கொண்டு போனேன். அவள் தாளைப் பிடிக்க நான் டேப் ஒட்டினேன். ஒவ்வொரு விளக்குக் கம்பத்திலும், கடைத்தெருவிலும், பள்ளிக்கூட வாசலிலும் ஒட்டினோம். மழையில் நனையாமலிருக்கப் பிளாஸ்டிக் உறை போடலாம் என்று யோசனை சொன்னது நான். அவள், "தேங்க்ஸ்ப்பா" என்றாள்.

மார்க்கோ வீட்டுக் கதவையும் தட்டினாள். புகார் கொடுத்த அந்த மனுஷன் குடையை எடுத்துக்கொண்டு தன் கொட்டகை, தன் காரின் அடி, தெருமுனைச் சாக்கடை என்று அவளோடு சேர்ந்து தேடினார். நோட்டீஸ் ஒன்றை வாங்கித் தன் தபால் பெட்டியில் அவரே ஒட்டிக்கொண்டார். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அவர்கள் பெப்பர் பெப்பர் என்று கூப்பிடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நானும் இரண்டு முறை கூப்பிட்டேன்.

பன்னிரண்டாம் நாள் கயல் போனுக்கு அழைப்பு வந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கால்நடை மருத்துவமனை. யாரோ ஒரு பெண்மணி தன் வீட்டுக் கார் நிறுத்தும் இடத்தில் பூனை சுருண்டு கிடந்ததைப் பார்த்துக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். கழுத்தில் கருவியை வைத்துச் சிப்பைப் படித்திருக்கிறார்கள். உயிரோடு இருக்கிறது, முன்கால் ஒன்றில் காயம் சீழ் பிடித்திருக்கிறது. கயல் அழுதுகொண்டே சிரித்தாள். மல்லிகா சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றாள். திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல நான் வாயைத் திறக்காமல் சாவியை எடுத்தேன்.

அங்கே ஒரு பெண் அதிகாரி இருந்தாள். அந்தப் பகுதிக் கவுன்சிலில் பிராணிகள் பிரிவு. வளர்த்த பூனையை எங்காவது கொண்டுபோய் விட்டுவிடுவது இந்த ஊரில் குற்றம். அதனால் கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்டாள். உங்கள் வீட்டுக்கும் இந்த இடத்துக்கும் நடுவில் ஆறு இருக்கிறது, பாலம் இருக்கிறது, ஒரு பூனை எப்படி வந்திருக்கும் என்றாள்.

பன்னிரண்டு வருடமாக எந்த அலுவலகத்துக்குப் போனாலும் என் பக்கம் பேசுகிறவள் கயல். பள்ளியில், வங்கியில், வரி ஆபீசில். ஏழு வயதில் ஒரு கவுண்டரில் எட்டி நின்று என் பெயரை எழுத்துக் கூட்டிச் சொன்னவள். அவர்கள் சொல்வதை எனக்கும், நான் சொல்வதை அவர்களுக்கும் ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொல்வாள். "அப்படிச் சொல்லாதடி, வேற மாதிரி சொல்லு" என்று நான் கிசுகிசுத்தால்கூட, "அது பொய்ப்பா" என்பாள்.

அதிகாரி ஆறு என்றதும் கயல் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை ரொம்ப நேரம் இல்லை. மூன்று சுற்றும் அதில் இருந்தது.

பிறகு அதிகாரி பக்கம் திரும்பி, நல்ல ஆங்கிலத்தில், தடுமாறாமல் சொன்னாள். அப்பாவிடம் வேலைக்குப் போகும் வேன் இருக்கிறது. காலையில் பின்கதவைத் திறந்துவைத்துச் சாமான் ஏற்றுவார். பூனை உள்ளே ஏறித் தூங்கியிருக்கும். அன்றைக்கு இந்தப் பக்கம்தான் அவருக்கு வேலை இருந்தது. இறக்கும்போது குதித்து ஓடியிருக்கும். அவருக்கே தெரிந்திருக்காது.

அதிகாரி எழுதிக்கொண்டாள். இது அடிக்கடி நடப்பதுதான் என்றாள். என்னைப் பார்த்து, கவனமாக இருங்கள் என்று சிரித்தாள். நானும் தலையை ஆட்டிச் சிரித்தேன். என் அப்பா அடுத்தவர் வாசலில் நின்றது எனக்காக. என் மகள் பொய் சொன்னதும் எனக்காக. அப்பா நின்றதில் ஒரு தப்பும் இல்லை, ஆடு செய்த தப்புக்கு நின்றார்.

5

வரும் வழியில் கயல் பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். பக்கத்தில் அட்டைப் பெட்டியில் மிளகு. பாலத்தின்மேல் வண்டி ஊர்ந்தது. திட்டுவாள், கத்துவாள் என்று காத்திருந்தேன். வீடு வந்ததும், "தேங்க்ஸ்ப்பா" என்று சொல்லிவிட்டு இறங்கினாள். டாக்சிக்காரரிடம் சொல்வோமே, அந்தக் குரல்.

ஆறு வாரம் கழித்து உறுதிமொழி விழா நடந்தது. நடத்தியது யார் என்றால் எங்கள் பகுதிக் கவுன்சில், எனக்குக் கடிதம் எழுதிய அதே கவுன்சில்தான். மேடையில் கைகுலுக்கி ஆளுக்கொரு மரக்கன்று கொடுத்தார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. கன்றைக் கையில் வைத்துக்கொண்டே, தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த ஒரு அலுவலரிடம் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பூனைக் கடிதத்தைப் பற்றிக் கேட்டேன். அந்த அம்மாவுக்குப் புரியவே இல்லை. புரிந்ததும் சிரித்துவிட்டு, பூனைக்கும் குடியுரிமைக்கும் என்ன சம்பந்தம், அந்தப் பிரிவு மாடியில் இருக்கிறது என்றாள். கயல் சற்றுத் தள்ளி நின்றாள். கேட்டிருப்பாள் என்றுதான் நினைக்கிறேன். எதற்காகச் செய்தேன் என்பதும் அன்றைக்கு அவளுக்குத் தெரிந்துபோயிருக்கும்.

அடுத்த வாரம் ஒரு தாளை என் முன்னால் வைத்தாள். வேலியோரம் கூண்டு, அளவோடு படம். "இது கட்டிக் குடுங்கப்பா" என்றாள். ஏறக்குறைய இரண்டு மாதத்துக்குப் பிறகு என்னிடம் ஒன்று கேட்கிறாள். பொன் கேட்டாலும் கொடுத்திருப்பேன்.

வேலி இரண்டு வீட்டுக்கும் பொது. அதில் துளை போட மார்க்கோவின் சம்மதம் வேண்டும். தாளை எடுத்துக்கொண்டு போனேன். அவர் படிக்காமலே கையெழுத்துப் போட்டு, தக்காளி ஒரு பை கொடுத்தார். உங்கள் பூனை திரும்பி வந்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம், நான் எழுதிப் போட்ட புகாரால்தான் நீங்கள் அதை வெளியே விரட்டிவிட்டீர்களோ என்று தூக்கமே வரவில்லை என்றார். இல்லை இல்லை என்றேன். அவர் தோளைத் தட்டினார். வேலியில் ஒரு துளைகூடப் போடாமல், தனியாகக் கால் ஊன்றியே சட்டத்தை நிறுத்திவிட்டேன். அந்த மனுஷன் பக்கத்துத் தகரத்தைத் தொட எனக்குக் கூசியது.

வேலை ஒன்றும் பெரிதில்லை. குழாயை வெட்டி, ஒட்டும் முனையில் துத்தநாகப் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு ஒட்டி, பிறகு அந்த இடத்துக்குச் சில்வர் பெயிண்ட். தெரிந்த வேலைதான். மெஷ்ஷை இழுத்துக் கட்டும்போது மறுமுனையைக் கயல் பிடித்தாள். நாங்கள் இருவர் மட்டும். இதை விட்டால் வேறு நேரம் கிடையாது என்று நினைத்தேன்.

"கயலு... அன்னைக்கு அந்தப் பூனைய..."

"அப்பா, அந்தப் பக்கம் இழுத்துப் புடிங்க. மெஷ் வளையுது."

இழுத்துப் பிடித்தேன். ரோட்டில் யார் தோள் பட்டாலும் இந்த ஊரில் "சாரி" சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு இருபது முறை சொல்கிறேன். பழகிவிட்டது. அன்றைக்கு அந்த வார்த்தை தமிழிலும் வரவில்லை, ஆங்கிலத்திலும் வரவில்லை.

அடுத்த ஞாயிறு அம்மா வீடியோவில் கூப்பிட்டாள். மல்லிகா போனைத் திருப்பிக் கொல்லைப்புறத்தைக் காட்டிவிட்டாள்.

"என்னடா அது, கோழிக்கூண்டா?"

"பூனைக்கும்மா."

அம்மா போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். "நம்ம வூட்டுப் பின்னால வேலி சாஞ்சு ரெண்டு வருசமாச்சு. சொல்லிக்கிட்டேதான் இருக்கேன். பன்னி வந்து வாழக்கட்டைய நோண்டிப்புட்டுப் போவுது. நீ அங்க பூனைக்கு வேலி அடைக்கிற. நல்லாயிரு." போனை வைத்துவிட்டாள். அன்றைக்கே ஊரில் இருக்கும் மச்சானுக்குப் போன் செய்து அம்மா வீட்டு வேலிக்கு ஆள் பார்க்கச் சொன்னேன். அதுவும் அவள் சொன்ன இரண்டு வருடத்தில் செய்திருக்க வேண்டியது.

கதவு வைக்கும் நாள் வந்தது. நான் ஒரு கொக்கித் தாழ்ப்பாள் செய்து வைத்திருந்தேன். பூனை உள்ளிருந்து எத்தனை முட்டினாலும் திறக்காது, ஆள் வெளியிலிருந்து ஒரு விரலால் திறக்கலாம். நல்ல வேலை என்று எனக்கே ஒரு திருப்தி. கயல் அதைத் திறந்து மூடிப் பார்த்தாள்.

"இதுல பூட்டு மாட்டுற மாதிரி செஞ்சு குடுங்கப்பா."

மல்லிகா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். "பூட்டு எதுக்குடி? பூனைக்கு என்ன தாப்பா தொறக்கத் தெரியுமா?" என்றாள்.

கயல் தாழ்ப்பாளை இன்னொரு முறை திறந்து மூடினாள். நான் குனிந்து பட்டறைப் பெட்டியைத் திறந்தேன். மல்லிகா ஈரத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு துணியை உதறிக் கொடியில் போட்டாள். நான் பெட்டியிலிருந்து ஒரு தகட்டுத் துண்டை எடுத்து, பூட்டு மாட்டுகிற கொண்டி வெட்டி, துளை போட்டு, ஒட்டி, விளிம்பு கையைக் கிழிக்காதபடி அரத்தால் ராவிக் கொடுத்தேன். சாயங்காலம் அவள் ஒரு பித்தளைப் பூட்டு வாங்கி வந்தாள். இரண்டு சாவி. ஒன்றைத் தன் சாவிக்கொத்தில் மாட்டினாள். இன்னொன்றை எங்கே வைத்தாள் என்று தெரியாது.

6

போன ஞாயிற்றுக்கிழமை வெயில் சீக்கிரமே ஏறிவிட்டது. கயல் காலையில் பூனையைக் கூண்டில் விட்டுப் பூட்டிவிட்டு வேலைக்குப் போயிருந்தாள். பேக்கரியில் ஒரு ஆள் வராததால் இன்னும் ஒரு மணி நேரம் இருக்கச் சொன்னார்களாம். பதினொன்றரை மணிக்கு நான் துணி எடுக்கப் போனபோது பார்த்தேன். தண்ணீர்க் கிண்ணம் கவிழ்ந்து கிடந்தது. தகர வேலியில் கை வைக்க முடியவில்லை, அப்படிக் கொதித்தது. மிளகு பச்சை வலைக்குக் கீழே, கடைசி மூலையில், வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

கயலுக்குப் போன் செய்தேன்.

"பூனை தண்ணிய தட்டி விட்டுருச்சும்மா. வெயில் அதிகமா இருக்கு."

"ஹோஸ எடுத்து மெஷ் வழியா ஊத்துங்கப்பா. நான் இதோ கெளம்பிட்டேன். ட்வெண்டி மினிட்ஸ்."

"இன்னொரு சாவி எங்கம்மா இருக்கு? நான் தொறந்து உள்ள தூக்கிட்டுப் போயிடுறேன்."

அவள் பக்கம் பாத்திரங்கள் உருளுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"நானே வந்துடுறேம்ப்பா."

இரும்பு அறுக்கும் கிரைண்டர் எங்கள் கொட்டகையில்தான் இருந்தது. என் கையால் ஒட்டிய கொண்டி. அறுக்க அரை நிமிடம் ஆகாது. அதைத் தொடவில்லை. ரப்பர் குழாயை இழுத்துவந்து கம்பி இடுக்கில் விட்டுத் தண்ணீரைத் திறந்தேன். கிண்ணம் கவிழ்ந்திருந்ததால் அதில் நிற்கவில்லை. மண்ணில் ஒரு சின்னக் குழியாகத் தேங்கியது. நான் குந்தி உட்கார்ந்து, "மிளகு, வா, குடி" என்றேன். கூப்பிட்ட குரலுக்கு முன்பெல்லாம் ஓடி வரும். இப்போது மூலையிலேயே இருந்தது. தண்ணீரைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. ஒரு அடி எடுத்து வைத்தது. நான் கையை அசைத்ததும் திரும்பப் பின்னால் போய் வேலியோடு ஒட்டிக்கொண்டது. அந்தச் சூட்டுத் தகரத்தோடு.

நான் அங்கே இருக்கும்வரை அது குடிக்காது என்று புரிந்தது. குழாயை அப்படியே போட்டுவிட்டு எழுந்து, வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.